விடுமுறை நாளில் தொட்டிக்குள் ஆள் இறக்கலாமா?

கேள்வி: பழக்கூழும் சாஸும் தயாரிக்கும் சிறிய ஆலை நடத்துகிறேன். கழிவுநீர் சேரும் மூடிய தொட்டியில் கசடு ஏறிவிட்டது. நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள். இதற்கிடையே, சரக்கு வாங்கும் நிறுவனம் சுற்றுச்சூழல், பாதுகாப்பு இரண்டுக்கும் சான்றிதழ் கேட்கிறது. ஓர் ஆலோசகர், "விடுமுறையன்று இரண்டு பேருக்கு மாஸ்க் போட்டு இறக்கிச் சுத்தம் செய்துவிடுங்கள்; சான்றிதழை இரண்டு வாரத்தில் நான் வாங்கித் தருகிறேன்" என்கிறார். தொட்டி பத்தடி ஆழம்தான். இறக்கலாமா?

பதில்: இறக்காதீர்கள். சான்றிதழ் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்கு அவசரமில்லை.

உங்கள் தொட்டியில் சேருவது வீட்டுச் சாக்கடை நீர் போன்றதல்ல. சர்க்கரையும் பழச்சதையும் கரைந்த நீர் நுண்ணுயிர்களுக்குப் பெருவிருந்து. நீரில் இருக்கும் ஆக்சிஜனை அவை சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. அதன்பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத வகைகள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. முதல் இரண்டும் காற்றைவிடக் கனமானவை; தொட்டியின் அடியில், அதாவது ஆள் நிற்கும் இடத்தில்தான் தேங்கும். பத்தடி ஆழம் தேவையே இல்லை, தலை மூடிக்குக் கீழே போனாலே ஆபத்துதான்.

ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) தாண்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500-க்கு மேல் போனால் ஆள் சட்டென்று மயங்கி விழுவார். எனவே "மூடியைத் திறந்துவைத்தோம், நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விடுமுறை நாள் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. உற்பத்தி இல்லாத நாளில்தான் பல ஆலைகளில் குழாய்களையும் பாத்திரங்களையும் அமிலம் விட்டுக் கழுவுவார்கள். அந்த அமிலம் வந்து சேருவதும் இதே தொட்டிக்குத்தான். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் அதிகம். பிஎச் 7 இருக்கும்போது, கசடில் கரைந்திருக்கும் சல்பைடில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறக்கூடிய நிலையில் இருக்கும்; பிஎச் 6-க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு. உள்ளே ஆள் இருக்கும்போது உற்பத்திக் கூடத்தில் யாரோ ஒருவர் தெரியாமல் ஒரு வால்வைத் திறந்தால் போதும்.

மாஸ்க் பற்றிப் பேசவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. துணி மாஸ்க்கும் தூசு மாஸ்க்கும் வாயுவைத் தடுக்காது. வடிகட்டிக் குப்பி வைத்த மாஸ்க் சில வாயுக்களைத் தடுக்கும், ஆனால் இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து கொண்டுவரும்? வெளியிலிருந்து குழாய் வழியாகவோ முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்தோ காற்று தரும் கருவி மட்டுமே இங்கே பயன்படும்.

"வாயு மீட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்பீர்கள். நல்லது, எடுங்கள். ஆனால் உங்களைப் போன்ற ஆலைக்கு இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பொறுமையாகக் கேளுங்கள். வழக்கமான நான்கு வாயு மீட்டர் ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றைத்தான் அளக்கும். பழக்கூழ் புளித்தால் வருவதோ கார்பன் டை ஆக்சைடு. அதை அந்த மீட்டர் அறியாது. நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். தொட்டிக்குள் அது 19.9 ஆகக் குறைந்திருந்தால் மீட்டர் கத்தாது. எச்சரிக்கை ஒலிக்கும் அளவை வழக்கமாக 19.5-ல்தான் வைத்திருப்பார்கள். குறைந்திருப்பது ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் வேறொரு வாயு காற்றை மொத்தமாகத் தள்ளிவிட்டு இடம் பிடித்ததால்தான் அந்த ஒரு சதவீதம் குறைந்தது. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், உள்ளே நுழைந்த வாயு ஏறக்குறைய 5 சதவீதம் என்று அர்த்தம். கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதத்தைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. மீட்டர் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சாரும் உள்ள மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். மேலிருந்து ஒருமுறை அளந்துவிட்டு இறங்குவதும் போதாது. கசடைக் காலால் கலக்கிய மறுகணமே அதில் அடைபட்டிருந்த வாயு குமிழி குமிழியாக மேலே வரும்.

ஒருவர் விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே நிற்பவர் பதறிப்போய்க் குதிப்பார், அவரைத் தொடர்ந்து இன்னொருவர். இப்படி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் அமைப்பு 1986-லேயே எச்சரித்தது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடக்கிறது? சுற்றுச்சூழல் அதிகாரி வெளியேறும் நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார். பாதுகாப்பு அதிகாரி இயந்திரத்துக்குக் காப்புக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பார். உணவுத்துறையினர் தலைமுடிக்குத் தொப்பி உண்டா என்பார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொட்டி யார் பொறுப்பிலும் வராது. தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்டருக்கு ஃபைல் இருந்தால் போதும்.

சரி, சான்றிதழ். சுற்றுச்சூழலுக்கு ஐஎஸ்ஓ 14001, தொழிலாளர் பாதுகாப்புக்கு 2018-ல் வந்த ஐஎஸ்ஓ 45001. ஐஎஸ்ஓ 22000 உணவைக் காப்பதற்கானது, ஆளைக் காப்பதற்கல்ல; இதைக் காட்டி அதைச் சமாளிக்கும் ஆட்கள் உண்டு. ஐஎஸ்ஓ அமைப்பு தர நெறிகளை எழுதும், யாருக்கும் சான்றிதழ் தராது. தருவது தனி நிறுவனங்கள். அவற்றுக்கே ஓர் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று, ஆலோசகர் காட்டும் இணைப்பில் பார்க்காமல், அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். ஆலைக்கு நேரில் வராமல் இரண்டு வாரத்தில் கிடைக்கும் தாளை, விவரம் தெரிந்த வாங்குபவர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார். ஆலோசகரும் சான்றளிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது தொட்டி. உறிஞ்சு லாரியை வரவழைத்து, வெளியிலிருந்தே குழாயை விட்டுக் கசடை எடுக்கச் சொல்லுங்கள். இறுகிக் கிடந்தால் மேலிருந்தே நீரைப் பீய்ச்சிக் கரைத்து எடுக்கலாம். பெரும்பாலும் ஆள் இறங்கவே தேவைப்படாது. அடியில் உடைந்த குழாயை மாற்றுவது போல வேறு வழியே இல்லாத வேலை என்றால், அதற்கென்றே பயிற்சி பெற்ற குழுவை அழையுங்கள். எழுத்தில் அனுமதிச் சீட்டு, பூட்டிய வால்வுகள், ஓயாமல் சுற்றும் ப்ளோவர், விழுந்தவரை மேலே தூக்க முழு உடல் பட்டையோடு மூன்று கால் தாங்கியும் கையால் சுற்றும் விஞ்சும், மேலே வேறு வேலை இல்லாத ஓர் ஆள் என்று இதில் எது குறைந்தாலும் வேலையை நிறுத்துங்கள்.

மறுபடி கசடு ஏறாமல் இருக்க, தரையில் சிந்தும் கூழைத் தண்ணீர் விட்டு வடிகாலில் தள்ளாமல் முதலில் வழித்து அள்ளச் சொல்லுங்கள். வடிகால் வாயில் சல்லடை வையுங்கள். தொட்டிக்குள் காற்றை ஊதிக் கலக்கும் வசதி செய்தால் நாற்றமும் அடங்கும், அக்கம்பக்கத்தாரும் அடங்குவார்கள்.

லாரி வரும்வரை மூடிக்கு ஒரு பூட்டுப் போடுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும், ஒப்பந்தக்காரரிடம் வேண்டாம்.