விரிசல் விட்ட சுவத்துக்கு சிமென்ட் பூசலாமா?

கேள்வி: தாத்தா கட்டுன செங்கல் வீடு, சுண்ணாம்புக் காரை. சுவத்துல விரிசல். கொத்தனார் சிமென்ட் பூசிடலாம்ங்கறார், சரியா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வேணவே வேணாம்மா. சுண்ணாம்புச் சுவர் ஈரத்த வாங்கி வெளிய விடும், சிமென்ட் அத உள்ளயே அடைச்சுரும், அப்புறம் உப்பு பூத்து செங்கல் பொடிப்பொடியா உதிரும், பாக்கவே வயிறு எரியும். முதல்ல விரிசலுக்குக் குறுக்க சின்ன கண்ணாடித் துண்ட ரெண்டு ஓரமும் ஒட்டி தேதி எழுதி வைங்க, மழைக்காலத்துக்குள்ள அது உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம், உடனே இன்ஜினியர கூப்பிடுங்க. பலப்படுத்த, சுண்ணாம்புக் கலவைக்குள்ள பசால்ட் நார் வலை வெச்சுப் பூசறாங்க. எரிமலைப் பாறைய உருக்கி இழுத்த நூல் அது, துருவே பிடிக்காது. 2009ல லாகுய்லா நிலநடுக்கம் பாத்த இத்தாலியில இந்த மாதிரி வேலை நிறைய நடக்குது. வலையோட ஆப்டிகல் ஃபைபரையும், அதாவது ஒளிய கடத்தற மெல்லிசு கண்ணாடி இழையையும், சேர்த்துட்டா, சுவர் இம்மி நீண்டாலும் அதுக்குள்ள போற ஒளி மாறி காட்டிக்கொடுத்துரும். உங்க வீட்டுக்கு இப்ப கண்ணாடித் துண்டே போதும், இன்னிக்கே ஒட்டிடுங்க.