துணி அவர்களுடையது, தையல் உங்களுடையது: படிவத்தில் எதை எழுதுவது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் 18 மெஷின் வைத்துத் தையல் நிலையம் நடத்துகிறேன். கொழும்பிலுள்ள ஏற்றுமதிக் கொம்பனி ஒன்று டீசேட் துண்டுகளை வெட்டி அனுப்பும். தைத்துக் கொடுத்தால் ஒன்றுக்கு 90 ரூபா. அண்மையில் ஓர் ஆய்வுக்கான படிவம் கைக்கு வந்தது. அதில் வடிவமைப்பு, கொள்வனவு, உற்பத்தி, போக்குவரத்து, விற்பனை, கணக்கு என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே செய்கிறீர்களா, வெளியே கொடுக்கிறீர்களா, உள்நாட்டிலா வெளிநாட்டிலா, செலவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். துணி விலையைக் கொள்வனவில் போடுவதா? நாங்கள் ஏற்றுமதியாளரா, இல்லையா?

பதில்: துணி விலையைப் போட வேண்டாம். பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான்.

லொறியில் கட்டுகளோடு வரும் டெலிவரி நோட்டை எடுத்துப் பாருங்கள். சைஸ், நிறம், எத்தனை துண்டு என்று மட்டும் இருக்கும்; விலை இருக்காது. பழுதான துண்டைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுக்கிறீர்கள் அல்லவா? துணி உங்கள் வாசலுக்கு வந்ததே தவிர, உங்களுக்குச் சொந்தமாகவில்லை. அவர்கள் உங்களிடம் வாங்குவது தையல் வேலையை மட்டும்தான். நாடுகளுக்கிடையிலான கணக்கிலும் இதே முறைதான். சர்வதேச நாணய நிதியம் 2009இல் வெளியிட்ட சென்மதி நிலுவைக் (ஒரு நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் கணக்கு) கையேட்டின் 6ஆம் பதிப்பின்படி, வெளிநாட்டுக்காரர் தன் துணியைத் தன் உடைமையாகவே வைத்துக்கொண்டு தைக்க மட்டும் அனுப்பினால், தையல் கூலி மட்டும் சேவையாகக் கணக்கில் ஏறும், துணி ஏறாது. சுங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. பெட்டி எல்லையைத் தாண்டினால் முழு விலையையும் பதிந்துவிடும்.

ஏன் இப்படிக் குடைந்து கேட்கிறார்கள்? ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். அந்த டீசேட் கொழும்புத் துறைமுகத்தில் 4 டொலருக்குக் கப்பல் ஏறுகிறது, டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 ரூபா ஏற்றுமதி. அதில் களுவாஞ்சிக்குடிக்கு வந்தது 90 ரூபா, நூற்றுக்கு ஏழரை. மீதி துணிக்கும், வெட்டுக்கும், ஓடர் பிடித்தவருக்கும் போனது. வெளிநாட்டுக் கடையில் அதே டீசேட் தொங்கும்போது விலை இன்னும் பல மடங்கு. பொருளை மட்டும் எண்ணினால் எல்லோரும் ‘ஆடை’ என்ற ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடுவோம். யார் என்ன செய்தார் என்பது தெரியாது. ஐபோன் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009இல் சீனாவிலிருந்து போன ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு ஏறக்குறைய 179 டொலர். அதில் சீனாவில் நடந்த பொருத்தும் வேலைக்கு 6.50 டொலர். ஆனால் சுங்கக் கணக்கில் முழுப் போனும் சீன ஏற்றுமதி. இப்படியான குழப்பங்களால்தான், பொருளை விட்டு வேலையைப் பிடித்து எண்ண வேண்டும் என்ற யோசனை வந்தது. ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் அதற்கு முன்பே, 2007இல், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களிடம் ஏறக்குறைய இதே மாதிரிக் கேட்டது. உங்கள் படிவம் அந்த வழியில் வந்த பிள்ளைதான்.

சரி, நிரப்புவோம். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த வேலைக்குக் காசு என் பையிலிருந்து போகிறதா? வடிவமைப்பைக் கொழும்போ வெளிநாடோ செய்கிறது என்பதற்காக ‘வெளியே கொடுக்கிறோம்’ என்று அடையாளமிடக் கூடாது. அதற்கு நீங்கள் காசு கொடுப்பதில்லையே! அது வாங்குபவருடைய வேலை; உங்கள் வரியில் ‘செய்வதில்லை’. விற்பனையும் அப்படித்தான். அந்த இரண்டு வரியிலும் ‘செய்வதில்லை’ என்று கிடப்பதைப் பார்த்துச் சிலர் வெட்கப்பட்டு எதையாவது எழுதிவிடுவார்கள். ‘செய்வதில்லை’ என்றே விடுங்கள், அதுதான் தகவல்.

மாறாக, எழுத மறப்பவை இருக்கின்றன. தைத்து முடிந்த டீசேட்டில் தொங்கும் நூலை வெட்டி மடிக்கப் பக்கத்து ஒழுங்கைப் பெண்களிடம் சாக்கில் கட்டிக் கொடுத்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வழக்கம் இருந்தால், அது உண்மையில் வெளியே கொடுத்த வேலை, உள்நாட்டில். ஓவர்லொக் மெஷின் பழுதானால் வந்து பார்க்கும் பாஸுக்குக் கொடுப்பதும் அப்படி. இரவில் வீட்டுக்காரி கொப்பியில் கணக்கு எழுதுகிறாரா? அது நீங்களே செய்யும் நிர்வாக வேலை. சம்பளம் இல்லை என்பதற்காக விடாதீர்கள், மணித்தியாலத்தையாவது குறியுங்கள். நூல், ஊசி, கரண்ட் பில் உங்கள் காசு என்றால் அவைதான் உங்கள் கொள்வனவு. 90 ரூபாவிலிருந்து வெளியே கொடுத்ததையும் இவற்றையும் கழித்தால் வருவது உங்கள் நிலையம் சேர்த்த பெறுமதி. கொழும்போடு அடுத்த முறை கூலி பேசப் போகும்போது அந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள். படிவத்தைவிட அதற்குத்தான் இது உதவும் என்பது என் எண்ணம்.

மருதமுனைக் கைத்தறிக்காரர் ஒருவர் இதே படிவத்தை நிரப்பினால் படம் வேறு. நூலைத் தானே வாங்கி, சாரத்தின் கரையைத் தானே யோசித்து, நெய்து, கடைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பவர் என்றால் வடிவமைப்பிலிருந்து விற்பனை வரை அநேகமாக எல்லா வரியும் நிரம்பும். ஏற்றுமதி மட்டும் பூச்சியம். அந்தச் சாரத்தைப் பாசிக்குடாவில் ஒரு வெள்ளைக்காரர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால்? அது ஆடை ஏற்றுமதியில் வராது, சுற்றுலா வருமானத்தில் வரும்.

இனி ஏற்றுமதிக் கேள்வி. கட்டணம் ரூபாவில், கொழும்புக் கொம்பனியிடமிருந்து வருகிறது. சுங்கப் பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லை. எனவே நேரடி ஏற்றுமதி ‘இல்லை’. மறைமுக ஏற்றுமதி (வேறொருவர் மூலம் வெளிநாடு போவது) என்று கட்டம் இருந்தால் ‘ஆம்’ போடுங்கள். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் குறிப்புப் பகுதியில் ‘ஏற்றுமதியாளருக்குத் தையல் கூலி வேலை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். வேடிக்கை என்னவென்றால், கல்லடியில் வீட்டில் இருந்து லண்டன் கடைக்கு லோகோ வரைந்து அனுப்பி, அங்கிருந்து காசு எடுக்கும் ஒரு பொடியன் நேரடி ஏற்றுமதியாளர். ஒரு பெட்டிகூடக் கப்பல் ஏறவில்லை.

கையெழுத்துப் போட முன் கொழும்புக்கு ஒரு கோல் எடுத்து, துணி யாருடைய பெயரில் நாட்டுக்குள் வருகிறது, அவர்களுடையதா வெளிநாட்டுக்காரருடையதா என்று கேளுங்கள். சொன்னால் குறிப்பில் எழுதுங்கள். சொல்லாவிட்டாலும் உங்கள் வரிகள் மாறப்போவதில்லை.