பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

கேள்வி: மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். இனி வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கிறோம். இது குற்றமா? பத்தாம் வகுப்புத் தேர்வை எப்படி எழுதுவான்?
– வாசகி, ஈரோடு

பதில்: தண்டனை கிடையாது; 'தாராளமாகச் செய்யுங்கள்' என்று எழுதிவைத்த சட்டமும் கிடையாது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 10. சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. கட்டாயம் என்பது அரசைத்தான் கட்டுப்படுத்தும், விரும்பி வீட்டில் படிக்க வைப்பவர்கள் தொடரலாம் என்று 2012-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அது அரசின் நிலைப்பாடுதான், தீர்ப்பு அல்ல.

ஆகவே அனுமதி கேட்கப் படிவம் எதுவும் இல்லை. முதல் வேலையாக டி.சி. வாங்குங்கள். கேட்டதும் கொடுக்க வேண்டியது தலைமையாசிரியரின் பொறுப்பு (பிரிவு 5). சும்மா நின்றுவிட்டால் பள்ளிப் பதிவேட்டில் மகன் 'இடைநின்றவன்' ஆகிவிடுவான். டி.சி. வாங்கினாலும் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுப்பவர்கள் வீட்டுக்கு வரக்கூடும். வாக்குவாதம் வேண்டாம், பாடப்புத்தகங்களையும், தேதி போட்டு எழுதிய நோட்டுகளையும் காட்டினால் போதும்.

பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான் வசதி. வயது 14 நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், படிக்கத் தகுதி உண்டு என்ற சுய உறுதிமொழி போதும். ஒரு மொழியாவது சேர்த்து ஐந்து பாடங்கள். பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். ஒவ்வொரு பாடமாகக்கூட முடிக்கலாம்.

பலர் சறுக்குவது பாடத் தேர்வில். சுலபமாயிருக்கிறதே என்று கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிட்டு, பிறகு பொறியியல் என்றால் தவிக்க வேண்டியதுதான். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் இப்போதே பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பை முழுமையாக முடிக்கப் பத்து தேறியபின் இரண்டாண்டு இடைவெளி வேண்டும்.

இழப்பும் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும் கிடைக்காது.

கேள்வி: நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு ஓர் இடம் பிடித்து, ஆசிரியரை அமர்த்தலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வம்பு இங்கேதான். அங்கீகாரமில்லாமல் பள்ளி நடத்தினால் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 18-இன்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் நாளொன்றுக்கு பத்தாயிரம் வரை. வீட்டுக்கு ஒருவராக முறைவைத்துத் தத்தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு விஷயம். பெயர்ப்பலகை, மாதக் கட்டணம், வெளிப் பிள்ளைகளுக்குச் சேர்க்கை என்று போனால் அதிகாரிகள் கண்ணில் அது பள்ளிதான்.