வாசலில் பித்தளைக் கல்

தம்பி, பிராங்பர்ட்டில் புதிதாகக் குடிபோன வீட்டு வாசலில், நடைபாதையில் பெயர் பொறித்த பித்தளைக் கற்கள் இருக்கின்றன, கல்லறையா, மிதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கல்லறை இல்லை, அடியில் யாரும் இல்லை. நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்களின் நினைவுக்கல். பெயர் ஸ்டோல்பர்ஸ்டைன், அதாவது கால் இடறும் கல். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோனில் தொடங்கியது. கற்களின் எண்ணிக்கை 2023இல் ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. நாஜிகள் கொண்டுபோவதற்கு முன், கல்லில் பெயர் உள்ளவர் தன் விருப்பப்படி குடியிருந்த கடைசி வீட்டு வாசலில்தான் பெரும்பாலும் பதிப்பார்கள். குனிந்து பாருங்கள், 'இங்கே வாழ்ந்தவர்' என்றுதான் ஆரம்பிக்கும்.

மிதித்தால் தப்பில்லை. ஆனால் நான் பதினெட்டு வருஷமாகச் சுற்றித்தான் போகிறேன். புத்தகத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் இல்லையா நாம்! இதே கூச்சம் இங்கேயும் உண்டு. சிறுவயதில் ஒரு விவசாயி வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டு உயிர் தப்பிய ஷார்லோட்டே நோப்லோக், பின்னாளில் மியூனிக் யூத சமூகத்தின் தலைவர், கொல்லப்பட்டவர்கள் பெயரை மறுபடியும் மிதிபட விடுவதா என்று எதிர்த்தார். மியூனிக்கில் பொது நடைபாதையில் இந்தக் கல்லுக்கு இன்றும் அனுமதி இல்லை. அதற்குப் பதில் சுவரில் பெயர்ப் பலகை, இல்லாவிட்டால் கம்பம். படிக்க வேண்டுமென்றால் குனிந்துதானே ஆக வேண்டும் என்பது டெம்னிக்கின் வாதம்.

எல்லாம் யூதர் பெயர் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் தெருக் கல் ஒன்றில் 'ஹாடமார், 1941' என்று இருந்தது. லிம்பூர்க் பக்கத்துச் சின்ன ஊர், அங்கே ஒரு மனநல மருத்துவமனை. அந்த வருஷம் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரைக்குள் சுமார் 10,000 நோயாளிகளை அங்கே விஷவாயு வைத்துக் கொன்றார்கள். வீட்டுக்கு ஏதோ ஒரு நோயைச் சொல்லி அனுதாபக் கடிதம் போகும். போருக்குப் பிறகும் பல வீடுகளில் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவர்களும் நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்கள்தான் என்று ஜெர்மன் நாடாளுமன்றம் முறையாக ஏற்றது 2025 ஜனவரியில்!

சரி, நவம்பர் 9 நெருங்கும்போது, 1938இல் நாஜிகள் யூதர்களைத் தாக்கிய படுகொலை இரவின் நினைவு நாள் அது, ஆட்கள் முட்டிபோட்டுக் கற்களைத் தேய்ப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் வாசல் கல் கறுத்திருந்தால் நீங்களும் தேய்க்கலாம். கடையில் பித்தளை பாலிஷ் கிடைக்கும். நான் குத்துவிளக்குக்குப் போல புளிதான். இரும்பு நார் மட்டும் வேண்டாம், கீறல் விழும். அப்புறம் நன்றாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள், புளி தங்கினால் பச்சை பிடிக்கும்.