மெனு பாட்டுக்குப் பதிலா தப்பு மேளச் சத்தம்: பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேமுக்குள்ள சவுண்ட் மாத்துறது எப்படி

மஸ்கெலியா பக்கத்துல ஒரு தோட்டத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, எங்க லயத்துப் பொடியன்க எல்லாரும் இன்னும் பிஎஸ்2லதான் புரோ எவலூஷன் சாக்கர் 6 வெளையாடுறோம். அதோட மெனுவுல வர்ற பாட்டுக்குப் பதிலா மாசியில எங்க தோட்டத்துக் காமன் கூத்துல அடிச்ச தப்பு சத்தத்த போடணும், ஃபோன்ல ரெகார்ட் பண்ணி வச்சிருக்கேன், 3 நிமிசம் இருக்கு. கேம்ல இருக்கிற பாட்டு 2 நிமிசம் 20 செக்கன். எம்பி3ய ஏடிஎக்ஸ்னு பேர் மாத்திப் போட்டு ஐஎஸ்ஓவ திரும்பக் கட்டிப் பார்த்தேன், கேம் கருப்பாவே நிக்குது. என்ன பிழை?"

தம்பி, இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, இந்த வேலைய யாராச்சும் செய்யணும்னு நான் நெனச்சுக்கிட்டே இருந்தேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நீங்க செஞ்சதுல ரெண்டு பிழை இருக்கு. முதலாவது, பேர மாத்துறதால ஃபைல் மாறாது. ஏடிஎக்ஸ்ங்கிறது கேம்ல பாவிக்கிற ஒரு தனி சத்த ஃபைல் வகை, எம்பி3க்கு ஏடிஎக்ஸ்னு பேர் வச்சாலும் உள்ளுக்கு இருக்கிறது எம்பி3தான், கேமுக்கு அத வாசிக்கத் தெரியாது. ரெண்டாவதுதான் பெரிய விசயம், ஐஎஸ்ஓவ, அதாவது டிஸ்க் முழுசயும் ஒரே ஃபைலா எடுத்த கொப்பிய, திரும்பக் கட்டினது. நம்ம லயத்த, அதான் தோட்டத்து வரிசை வீடுகள நெனச்சுப் பாருங்க, 10க்கு 12 அடி காம்பரா (அறை) வரிசையா இருக்கு, நடு காம்பராக்காரர் செவுத்த ரெண்டடி தள்ளிக் கட்டினா பக்கத்து வீடு என்னாகும்? கேம் டிஸ்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு ஃபைலும் இன்ன எடத்துல தொடங்குது, இவ்வளவு நீளம்னு கேம் ஒரு கணக்கு வச்சிருக்கு, சில கேம்ல அந்தக் கணக்கு புரோகிராமுக்குள்ளயே எழுதியிருக்கும். நீங்க பெரிய ஃபைல உள்ள போட்டுத் திரும்பக் கட்டினா அதுக்குப் பின்னால இருக்கிற எல்லாம் நகந்துரும், கேம் பழைய எடத்துல போய்த் தேடும், அங்க வேற என்னமோ இருக்கும், கருப்புத் திரையில நின்னுரும். அதனால ஒண்ண மட்டும் புடிச்சுக்கங்க: புது சத்தம் பழைய சத்தம் இருந்த எடத்துக்குள்ளயே அடங்கணும், ஒரு பைட் கூடக் கூடாது. மிச்சம் எல்லா வேலையும் இதுக்காகத்தான்.

முதல்ல உங்க சொந்த டிஸ்க்லேருந்து எடுத்த ஐஎஸ்ஓவ ரெண்டு கொப்பி எடுத்து வைங்க, ஒண்ணுல மட்டும் கை வைங்க. செவன்சிப்னு (7-Zip) ஃபைல் பிரிக்கிற புரோகிராம்ல ஐஎஸ்ஓவ திறந்தா உள்ளுக்கு சவுண்ட்னு பேர்ல பெரிய ஏஎஃப்எஸ் ஃபைல் இருக்கும், அத வெளிய எடுங்க. செவன்சிப்பால ஐஎஸ்ஓவுக்குள்ள திரும்பப் போட முடியாது, எடுக்க மட்டும்தான். ஏஎஃப்எஸ்ங்கிறது ஒரு மூட்டை மாதிரி, முதல் 4 பைட்டுல அதோட பேர், அடுத்த 4 பைட்டுல எத்தன ஃபைல்ங்கிற எண்ணிக்கை, அதுக்கப்புறம் ஒவ்வொரு ஃபைலுக்கும் 8 பைட், எங்க தொடங்குதுன்னு 4, எவ்வளவு பெருசுன்னு 4. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் 2048 பைட் எல்லையிலதான் தொடங்கும். ஏஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு சின்ன டூல் இருக்கு, அதுல எல்லாத்தயும் பிரிச்சு எடுக்கலாம். பேர் பார்த்து ஒண்ணும் வெளங்காது, சைஸ் வாரியா அடுக்குங்க, பெருசா இருக்கிறதுதான் பாட்டு, குட்டிக் குட்டியா இருக்கிறது கமெண்ட்ரியும் விசில் சத்தமும். விஜிஎம்ஸ்ட்ரீம்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, ஃபூபார்2000 பிளேயரோட சேர்த்துப் போட்டா இந்த மாதிரி கேம் சத்தம் எல்லாத்தயும் அப்படியே கேக்கலாம், எது மெனு பாட்டுன்னு காதால கேட்டுக் கண்டுபுடிச்சுருங்க. அதுவே சாம்பிள் ரேட் (ஒரு செக்கன் சத்தத்த எத்தன சாம்பிளா, அதாவது எத்தன சின்ன அளவா பதிஞ்சிருக்குங்கிறது) எவ்வளவு, ஸ்டீரியோவா (ரெண்டு சேனல்) மோனோவா (ஒரு சேனல்), லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுத்துற பகுதி, எங்க தொடங்கி எங்க முடியுதுன்னும் காட்டும், அத ஒரு தாள்ல எழுதி வைங்க, பின்னால தேவைப்படும்.

இப்ப கணக்கு. ஏடிஎக்ஸ்ல ஒவ்வொரு சேனலுக்கும் 32 சாம்பிள் சேர்ந்து 18 பைட்டுக்குள்ள போகும். சாதாரண வேவ் ஃபைல்ல அதே 32 சாம்பிளுக்கு 64 பைட் வேணும், அதனால மூணரை மடங்குக்கு மேல சின்னதாகுது. 44100 ரேட்ல ஸ்டீரியோன்னா ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 49,612 பைட். கேம்ல இருக்கிற பாட்டும் அந்த ரேட்தான்னு வச்சுக்கிட்டா 140 செக்கனுக்கு 69 லட்சத்து 45 ஆயிரம் பைட் கிட்ட வரும், அதுதான் உங்க காம்பரா. உங்க தப்பு 180 செக்கன், அதே ரேட்ல போட்டா 89 லட்சத்து 30 ஆயிரம், அடங்காது. ஆனா ரேட்ட 32000க்கு கொறச்சா ஒரு செக்கனுக்கு சரியா 36,000 பைட், 180 செக்கனுக்கு 64 லட்சத்து 80 ஆயிரம், முழுசும் உள்ள போயிரும்! மோனோவாக்கினா அதுலயும் பாதிதான், ஃபோன்ல எடுத்தது அனேகமா மோனோவாத்தான் இருக்கும், ஆனா பழைய ஃபைல் ஸ்டீரியோன்னா நீங்களும் ஸ்டீரியோவாவே வைங்க, சில கேம் சேனல் எண்ணிக்கை மாறினா ஒரு பக்கம் மட்டும் பாடும்.

ரெகார்டிங் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். தப்பு அடி சுளீர்னு வர்ற சத்தம், ஏடிஎக்ஸ் ஒவ்வொரு சாம்பிளயும் 4 பிட்டுல அடக்குறதால இந்த மாதிரி திடீர் அடியிலதான் கரகரப்பு வெளிய தெரியும், வீணை புல்லாங்குழல்ல அவ்வளவா தெரியாது. அதோட ஃபோன் மைக்க தப்புக்குக் கிட்ட வச்சிருந்தா சத்தம் ஏற்கனவே ஒடஞ்சிருக்கும், அத எந்த சாஃப்ட்வேராலயும் ஒட்ட வைக்க முடியாது. ஒடாசிட்டிங்கிற சத்தம் திருத்துற புரோகிராம்ல போட்டு அலையோட தலை தட்டையா வெட்டுப்பட்டிருக்கான்னு பாருங்க, பட்டிருந்தா இன்னொரு தடவை எடுங்க, பத்துப் பதினஞ்சு அடி தள்ளி நின்னு, அண்ணன்மாரு நெருப்புல தப்பக் காய்ச்சி எடுத்த ஒடனே. பனி எறங்கினா தோல் தளந்துரும், அந்தக் கணீர்ங்கிற சத்தம் போயிரும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அப்புறம் ஒடாசிட்டியில உச்சத்த மைனஸ் 3 டெசிபலுக்கு வச்சு, ரேட்ட 32000க்கு மாத்தி, 16 பிட் வேவ்வா சேவ் பண்ணுங்க. பழைய மெனு பாட்டயும் பக்கத்துல போட்டுக் கேட்டு ரெண்டும் ஒரே அளவு சத்தமா இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி மெனு திறந்த ஒடனே பக்கத்துக் காம்பரா எழும்பிரும்.

வேவ்வ ஏடிஎக்ஸ்ஸா மாத்துறதுக்கு எஃப்எஃப்எம்பெக்ங்கிற (FFmpeg) டூல் போதும், ஆனா அது லூப் எழுதாது, பாட்டு ஒருக்கா ஓடி முடிஞ்சு மெனு ஊமையாயிரும். அதனால விஜிஆடியோங்கிற டூல பாவிங்க, லூப் தொடக்கமும் முடிவும் சாம்பிள் எண்ணிக்கையில குடுக்கலாம். உதாரணமா 12ஆவது செக்கன்லேருந்து சுத்தணும்னா 12 தர 32000, அதாவது 3,84,000ஆவது சாம்பிள். தொடக்கம் 32ஆல வகுபடுற எண்ணா இருந்தா நல்லது, ஏன்னா ஒரு கட்டு 32 சாம்பிள்தானே. ஆனா எண்ண விட முக்கியம் தாளம். அடி ஒரு சுத்து முடிஞ்சு திரும்பத் தொடங்குற அந்த எடத்துலேயே வெட்டணும், அரைச் சுத்துல வெட்டினா தப்பு தெரிஞ்ச எவருக்கும் காது கூசும், நீங்க இந்த வேலையத் தொடங்கினதே அவங்களுக்காகத்தான? நிறைய பேர் இன்னொரு குறுக்குவழி சொல்லுவாங்க, பழைய ஏடிஎக்ஸ்ஸோட தலைப்புப் பகுதிய வெட்டி புதுசு மேல ஒட்டுன்னு. செய்யாதீங்க. மொத்த சாம்பிள், ரேட், லூப் எல்லாம் அந்தத் தலைப்புலதான் இருக்கு, பழைய எண்ணு புது சத்தத்துக்குப் பொருந்தாது.

இனி ஐஎஸ்ஓவுக்குள்ள வைக்கிறது. எச்எக்ஸ்டின்னு (HxD) ஒரு ஹெக்ஸ் எடிட்டர், அதாவது ஃபைல பைட் பைட்டா காட்டித் திருத்த விடுற புரோகிராம், இலவசமா கெடைக்கும். புது ஏடிஎக்ஸ்ஸ அதுல திறந்து, பழையது எத்தன பைட்டோ அத்தன பைட் வர்ற வரைக்கும் கடைசியில 00 சேருங்க. சத்தம் முடியுற எடத்துல 80 01னு ஒரு முடிவு அடையாளம் இருக்கும், அதுக்கப்புறம் வர்ற 00 கேக்காது. அப்புறம் ஐஎஸ்ஓவ திறந்து பழைய பாட்டு எங்க இருக்குன்னு தேடணும். இங்கதான் நான் முதல் தடவை ரெண்டு நாள் தொலைச்சேன்: பழைய ஏடிஎக்ஸ்ஸோட முதல் பைட்டுகள வச்சுத் தேடினேன், எல்லா ஏடிஎக்ஸ்ஸும் 80 00ல தொடங்கி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால வேற பாட்டு மேல போய் எழுதிட்டேன். நீங்க ஃபைலோட நடுவுலேருந்து 32 பைட் எடுத்துத் தேடுங்க, அது ஒரே எடத்துலதான் கெடைக்கும். அந்த 32 பைட் பழைய ஃபைல்ல எத்தனாவது பைட்டுல இருந்துச்சோ அத்தனைய கெடைச்ச எடத்துலேருந்து கழிச்சா பாட்டோட தொடக்கம் வந்துரும், அந்த எடத்துல 80 00 இருந்தா கணக்கு சரி. இப்ப புதுச கொப்பி பண்ணி அங்க கர்சர வச்சு கண்ட்ரோல் பி (B) அமத்துங்க, கண்ட்ரோல் வி (V) இல்ல. வி போட்டா நடுவுல செருகிரும், எல்லாம் நகந்து பழைய கதைதான். பி போட்டா மேல எழுதும். சேவ் பண்ணினப்புறம் ஐஎஸ்ஓ சைஸ் முன்ன இருந்த அதே எண்ணா இருக்கணும், ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் மற்றக் கொப்பியிலேருந்து திரும்பத் தொடங்குங்க.

பிஎஸ்2ல ஓட்ட முன்னால கம்பியூட்டர்லயே பிஎஸ்2 கேம ஓட்டுற பிசிஎஸ்எக்ஸ்2ங்கிற புரோகிராம்ல போட்டுப் பாருங்க, டிஸ்க் வீணாகாது. பென் டிரைவ்ல ஓட்டுறீங்கன்னா பாட்டு விட்டு விட்டு வரலாம், பிஎஸ்2ல இருக்கிறது பழைய யூஎஸ்பி 1.1, வேகம் பத்தாது, அது உங்க ஃபைலோட பிழை இல்ல.

இந்த வழி ஏடிஎக்ஸ் இருக்கிற கேமுக்குத்தான். வேற பிஎஸ்2 கேம்ல வேக் (VAG) வகைச் சத்த ஃபைல் இருக்கும், அதுல 16 பைட்டுக்கு 28 சாம்பிள், கணக்கு மட்டும் மாறும், வேலை இதேதான். பிஎஸ்1 கேம்ல மட்டும் கவனம். அதுல எக்ஸ்ஏ (XA) வகைச் சத்தம் இருக்கிற ஒவ்வொரு செக்டர்லயும், அதாவது டிஸ்க்கோட ஒவ்வொரு துண்டுலயும், 2324 பைட் டேட்டா இருக்கும், சாதாரணமா கொப்பி பண்ணினா 2048 மட்டும் வந்து சத்தம் நாசமாயிரும், பின் கியூங்கிற (BIN/CUE) முழு டிஸ்க் கொப்பியா எடுத்து ஜேபிஎஸ்எக்ஸ்டெக்ங்கிற (jPSXdec) டூல்ல பிரிக்கணும்.

பொடியன்க கேட்டா முழு ஐஎஸ்ஓவ குரூப்ல போடாதீங்க தம்பி, கேம் நம்மளுது இல்ல. எக்ஸ்டெல்டாங்கிற (xdelta) டூல்ல பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும் ஒரு பேட்ச்சா எடுத்துக் குடுங்க, அவங்கவங்க டிஸ்க்குல அவங்க போட்டுக்கட்டும். அதுக்கு முன்னால கூத்துப் பழக்குற மாஸ்டர்கிட்டயும் தப்பு அடிச்ச அண்ணன்மாருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க, அது வெறும் பாட்டு இல்ல, விரதம் இருந்து அடிச்சது, எந்த அடிய வெளையாட்டுல போடலாம் எதப் போடக் கூடாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

போட்டு ஓட்டினப்புறம் தப்பு வேகமா, கீச்சுனு கேட்டா கேம் உங்க 32000ஐப் பார்க்காம 44100லயே ஓட்டுதுன்னு அர்த்தம், 1.38 மடங்கு வேகம். அப்ப ரேட்ட 44100லயே வச்சு, தப்ப 2 நிமிசம் 15 செக்கனுக்கு வெட்டிக்கங்க. அப்பவும் சரிவரலன்னா ஏடிஎக்ஸ்ஸோட முதல் 64 பைட்ட எச்எக்ஸ்டில திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.