மச்சானுக்காக டாக்டர் பட்டம் வேண்டாம்

"என் கணவருக்கு 46 வயது. மூன்று ஆலைகளுக்குப் பொறுப்பான பொது மேலாளர். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாக டி.பி.ஏ., அதாவது வணிக நிர்வாகத்தில் டாக்டர் பட்டம், படிக்க ஆசைப்படுகிறார். என் அண்ணன் பேராசிரியர். 'படித்தால் உலகத் தரவரிசையில் முன்னால் இருக்கும் இடத்தில் படிக்கட்டும், இல்லையென்றால் பேசாமல் இருக்கட்டும்' என்கிறார். கட்டணத்தைக் கட்ட மகளின் கல்லூரிக்காகச் சேர்த்த பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கும். எனக்குத் தூக்கமே வரவில்லை. எந்த இடம் நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்."

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். டி.பி.ஏ. வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களே நிறைய. நிர்வாக அனுபவம் இல்லாதவர்களைப் பல இடங்களில் சேர்ப்பதே இல்லை. ஆறுதலாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மற்றபடி உங்கள் அண்ணன் சொல்வது தவறு. மகளின் பணத்தைத் தொடுவது அதைவிடப் பெரிய தவறு.

எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ., முழுநேர பிஎச்.டி., ஒரு வாரத் தலைமைப் பயிற்சிகள் எல்லாவற்றையும் பற்றி அண்ணனே வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார். அதற்குள் நான் போகவில்லை. அவருடைய வாதத்தின் அடிப்படை மட்டும் எங்கே சறுக்குகிறது என்று சொல்கிறேன். எம்.பி.ஏ.வுக்கு வணிகப் பள்ளியின் பெயர் முக்கியம்தான். வேலைக்கு எடுக்கிறவர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் விண்ணப்பத்தைப் புரட்டுகிறார். உங்கள் கணவருக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, பதவியும் இருக்கிறது. ஆய்வுப் பட்டத்தில் ஆண்டுக்கணக்கில் அவரோடு மல்லுக்கட்டப் போகிறவர் ஒரு கைடு (ஆய்வு வழிகாட்டி), மிஞ்சிப் போனால் இரண்டு பேர். அந்த ஒருவருக்கு இவருடைய கேள்வியில் அக்கறை இல்லையென்றால் வாசலில் எந்தப் பெயர்ப் பலகை தொங்கினாலும் பயனில்லை.

டி.பி.ஏ. என்ற அந்த மூன்று எழுத்துகளே எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பல பத்தாண்டுகள் டி.பி.ஏ. பட்டம் கொடுத்தது, ஆனால் அது பேராசிரியராகப் போகிறவர்களுக்கான முழுநேர ஆய்வுப் படிப்பு. 2018-இல் அதை பிஎச்.டி. என்றே மாற்றிவிட்டார்கள். உங்கள் கணவர் தேடுவது வேறு வகை: வேலையை விடாமல், வேலையில் முளைத்த ஒரு கேள்வியை ஆய்வு முறைப்படி ஆராய்ந்து, அறிவுக்கும் நடைமுறைக்கும் ஒன்றைச் சேர்ப்பது. இதைத் தரவரிசைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

சரி, தரத்துக்கு எதைப் பார்ப்பது? பட்டம் கொடுக்கும் சட்ட அதிகாரம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இருக்க வேண்டும், இடையில் இருக்கும் ஏஜென்சிக்கு அல்ல. அதற்கு மேல், வணிகப் படிப்புகளுக்கான சர்வதேசத் தரச் சான்றுகளான ஏ.ஏ.சி.எஸ்.பி., எக்விஸ், ஆம்பா இவற்றில் ஒன்றின் அங்கீகாரம் இருந்தால் போதும். ஆம்பா, டி.பி.ஏ. படிப்புக்கென்று தனியாகவே அங்கீகாரம் தருகிறது. தரவரிசையில் பின்னால் இருக்கும், விளம்பரமே செய்யாத அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இந்த வரம்பைத் தாண்டி நிற்கின்றன. பிற்காலத்தில் முழுநேரப் பேராசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால், உங்கள் நாட்டின் உயர்கல்வி அமைப்பு இந்தப் பட்டத்தை பிஎச்.டி.க்குச் சமமாக ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லா நாட்டிலும் ஏற்பதில்லை. பத்தே மாதத்தில் டாக்டர் ஆக்குகிறோம் என்று வரும் தகவல்களை அழித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். வீடியோ அழைப்பில் நீங்கள் இருவரும் பேசியபோது, எதைப் பற்றி ஆராயப் போகிறீர்கள் என்று கேட்டேன். "டிஜிட்டல் மாற்றத்தில் தலைமைப் பண்புகள்" என்றார். மனப்பாடம் செய்த பதில் என்று முகத்திலேயே தெரிந்தது. நீங்கள்தான் போட்டு உடைத்தீர்கள்: "அது எங்க அண்ணன் எழுதிக் கொடுத்தது. இவர் வீட்டில பேசறதெல்லாம் ஷிப்ட் மாறுறதைப் பத்தித்தான்."

அதற்குப் பிறகுதான் அவர் செல்போனில் இருந்த படங்களைக் காட்டினார். ஆலைகளில் ஒவ்வொரு ஷிப்டிலும் நடந்ததை எழுதி வைக்கும் லாக் புக்கின் பக்கங்கள். இரவு ஷிப்ட் பத்தியில் மேலிருந்து கீழ்வரை "எல்லாம் நார்மல்", "எல்லாம் நார்மல்". ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு வாரத்துக்கு உரியதை ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தது. அடுத்த படம் அதே வாரத்தின் பராமரிப்புப் பதிவேடு. ஒரு மோட்டார் இரண்டு முறை ட்ரிப் ஆகி, அதாவது தானாக நின்றுபோய், இருக்கிறது, ஒரு பேரிங் மாற்றியிருக்கிறார்கள். "ஃபாரம் இருக்கு சார், கையெழுத்து இருக்கு, ஆடிட்ல பாஸ் ஆகுது. ஆனா விஷயம் மட்டும் அடுத்த ஆளுக்குப் போறதில்ல. ஏன்?" என்று கேட்டார். டிஜிட்டல் மாற்றம் பற்றிப் பேசிய குரல் அல்ல அது.

டாக்டர் பட்டத்துக்கு உரிய கேள்வி இதுதான். இது சின்ன விஷயம் என்று அண்ணன் நினைக்கக்கூடும். 1988 ஜூலையில் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனதும் அவர்கள் இதை ஓட்டினார்கள். 2005-இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தபோதும், முந்தைய ஷிப்ட் லாக் புக்கில் விட்டுச் சென்றது ஒற்றை வரிதான் என்று விசாரணையில் தெரிந்தது. மருத்துவத் துறை இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. அமெரிக்கா, கனடாவில் 9 குழந்தை மருத்துவமனைகளில், நோயாளியை அடுத்த டாக்டரிடம் ஒப்படைக்கும் பேச்சை ஐ-பாஸ் என்ற முறைக்குள் கொண்டுவந்தார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் ஆய்வு வெளிவந்தது.

ஆக, உங்கள் கணவரின் கேள்விக்கு ஏற்கெனவே பெரிய உறவுக் கூட்டம் இருக்கிறது. அவர் அதைச் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். படிவத்தை நிரப்புவது எப்படி வெறும் சடங்காகிறது, பிரச்சினையை எழுதினால் தனக்கே கெட்ட பெயர் என்று ஆள் எப்போது நினைக்கிறான் என்பதெல்லாம் ஆலைக்குள் இருந்து பார்த்தவர்தான் எழுத முடியும். வெளியிலிருந்து வரும் இளம் ஆய்வாளருக்கு அந்த லாக் புக்கைத் தொடவே அனுமதி கிடைக்காது.

படிப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதல் ஒன்றரை, இரண்டு வருடங்கள் பாடங்கள்: சில மாதங்களுக்கு ஒருமுறை மூன்று நான்கு நாள் தொடர் வகுப்பு, நடுவில் கட்டுரைகள். முன் ஆய்வுகளைத் தேடி விமர்சித்து வாசிப்பது, நேர்காணல் எடுப்பது, புள்ளியியல் எல்லாம் இதில் வரும். மேலாளர்கள் புள்ளியியலில் தடுமாறுவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் தடுமாறுவது 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியில். அலுவலகத்தில் அவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லையே! இருபது வருடம் ஸ்லைடு போட்டுப் பழகிய கை, ஆதாரத்தோடு ஒரு பக்கம் தொடர்ச்சியாக எழுதும்போது வலிக்கும். அந்த வலி நல்லது.

பிறகு ஆய்வுத் திட்டம் எழுதி ஒரு குழு முன் நின்று நியாயப்படுத்த வேண்டும். அதன்பின், ஆய்வால் யாருக்கும் பாதிப்பு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தகவல் சேகரிப்பு, ஆய்வேடு, கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு பல இடங்களில் 50,000 முதல் 80,000 சொற்கள் வரை. வைவாவில் வெளியிலிருந்தும் ஒரு தேர்வாளர் வருவார். திருத்தம் எதுவும் சொல்லாமல் அனுப்புவது அபூர்வம்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வெறும் காகித வேலை என்று நினைக்க வேண்டாம். 'எல்லாம் நார்மல்' என்று எழுதிய தொழிலாளியிடம் பொது மேலாளரே போய் உட்கார்ந்து 'ஏன் இப்படி எழுதினாய்?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? வேலையைக் காப்பாற்றும் பதில்தான் வரும். தனக்குக் கீழ் வராத ஆலையில் ஆய்வை வைப்பது, நேர்காணலை வேறொருவர் எடுத்துப் பெயர்களை நீக்கிவிட்டுத் தருவது, இவர் ஷிப்ட் மாறும் இருபது நிமிடத்தை மட்டும் நேரில் பார்த்துக் குறிப்பெடுப்பது என்று வழிகள் உண்டு. 1940-களில் உளவியலாளர் கர்ட் லெவின் பேசத் தொடங்கிய செயல் ஆய்வு முறை இவருக்கு நன்றாகப் பொருந்தும்: ஒரு மாற்றத்தைச் செய்து, விளைவைப் பார்த்து, மறுபடி திருத்துவது. கைடு தேடும்போது இந்த முறையில் ஆய்வேடு முடிக்க உதவிய ஆளைத் தேடுங்கள்.

நிறுவனத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும், பதவியின் பெயரில் வேண்டும். இன்றைய தலைமை அதிகாரி வாய்மொழியாகச் சொன்ன 'தாராளமா பண்ணுங்க', அவர் மாறிப் போன மறுநாள் செல்லாது. நிறுவன ரகசியம் என்று பயந்தால், முடிந்த ஆய்வேட்டைச் சில வருடங்கள் பொதுப் பார்வைக்கு வைக்காமல் நிறுத்தப் பல பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். வேலை மாறினால் தகவல் என்னாகும் என்பதையும் அதே கடிதத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் என்னிடம் வளைவே கிடையாது. ஒவ்வொரு வருடக் கட்டணமும் அந்தந்த வருடச் சம்பளத்தில் மிஞ்சுவதிலிருந்து வர வேண்டும். மகளின் பணம், வீட்டின் மேல் கடன், ஓய்வுக்கால நிதி மூன்றும் இந்தப் படிப்புக்குக் கிடையாது. அவளுக்கு முதல் பட்டம், இவருக்கு இது விருப்பம். இரண்டும் ஒரே தராசில் ஏறாது. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் முதல் சில வருடங்களின் தொகை. பகுதி நேரத்தில் இது நான்கிலிருந்து ஆறு வருடம் இழுப்பது சகஜம். தாமதமானால் வருடா வருடம் தொடர்ச்சிக் கட்டணம் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பயணம், தங்கும் செலவு, நாணய மதிப்பின் ஏற்ற இறக்கம் எல்லாம் சேரும். அண்ணன் சொல்லும் இடத்துக்கும் பெயர் தெரியாத ஒரு நல்ல இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, கைடின் தரத்தில் அல்ல.

நிறுவனம் பணம் கட்டினால் நல்லதுதான். ஆனால் அதற்காக எழுதி வாங்கும் ஒப்பந்தத்தை, அதாவது பாண்டை, படியுங்கள். முடித்து எத்தனை வருடம் இருக்க வேண்டும், நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினாலும் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.

நேரமும் செலவுதான். வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அது எங்கிருந்து வரும் என்பதை அவர் உங்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சம்மதிக்காமல் சேர வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். மகளின் பள்ளி இறுதித் தேர்வு நடக்கும் வருடத்திலும் வேண்டாம்.

எல்லாம் சொல்லியும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: இவர் நடுவில் விட்டுவிட்டால்? நியாயமான பயம். பகுதி நேரத்தில் நடுவழியில் நிற்பவர்கள் நிறைய. அதனால் பாடப் பகுதியை முடித்துவிட்டு விலகினால் ஆய்வு முதுகலைப் பட்டம் தருகிற இடமாகப் பாருங்கள். சேர்வதற்கு முன் மூன்று மாதம், வாரம் பத்து மணி நேரம், ஷிப்ட் ஒப்படைப்பு பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். கூகுள் ஸ்காலரில் தேட ஒரு செலவும் இல்லை. மூன்றாவது வாரத்திலேயே சலித்துப்போனால் கட்டணம் மிச்சம், யாருக்கும் பதில் சொல்லவும் தேவையில்லை. அப்புறமும் கட்டுரைகளைத் தேடிக்கொண்டே இருந்தால் படிக்கட்டும், நீங்கள் தடுக்க வேண்டாம்.

அண்ணனிடம் பேசும் பொறுப்பு உங்களுடையது, உங்கள் கணவருடையது அல்ல. அவரிடம் தலைப்பு கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்த இரண்டு கைடுகளின் பெயரைக் கேளுங்கள். பேராசிரியராக அவரால் உண்மையில் செய்ய முடிந்த உதவி அதுதான்.

விண்ணப்பத்துக்கு முன் அந்தக் கைடுகளுக்கு உங்கள் கணவர் ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். லாக் புக், பராமரிப்புப் பதிவேடு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேள்வி, இவ்வளவு போதும். பதில் வந்தால் பேசும்போது கேட்க வேண்டியவை: இப்போது எத்தனை பகுதி நேர மாணவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள், அவர்களில் கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, எழுதி அனுப்பும் அத்தியாயத்துக்கு எத்தனை நாளில் கருத்து சொல்வீர்கள், நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டால் என்னை யார் ஏற்பார். இதற்கெல்லாம் நேரான பதில் வராமல் 'முதலில் சேர்ந்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம்' என்றால் விண்ணப்பக் கட்டணத்தைக்கூடக் கட்ட வேண்டாம்.