விம்பிள்டன் டிக்கெட்டை இடைத்தரகரிடம் வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் படிக்கும் மகளைப் பார்க்க ஜூன் கடைசியில் நானும் என் கணவரும் செல்கிறோம். டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டனில் அரையிறுதி வரை ஆடியதைக் கேட்டு வளர்ந்தவர் என் கணவர். ஒரு நாளாவது அங்கே ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறார். இணையத்தில் ஒருவர், சென்டர் கோர்ட் எனப்படும் முதன்மை மைதானத்துக்கான டிக்கெட்டுகளைப் பல மடங்கு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். விம்பிள்டன் டிக்கெட்டை வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்கக்கூடாது என்பது விதி. அப்படிக் கைமாறியது தெரியவந்தால் டிக்கெட் செல்லாமல் போய், பணத்தையும் இழந்து வாசலிலிருந்தே திரும்ப நேரிடும். 'டிபெஞ்சர்' என்னும் ஐந்தாண்டுப் பத்திரம் வைத்திருப்பவர்களின் இருக்கைகளை மட்டுமே முறைப்படி மறுவிற்பனை செய்யலாம், ஆனால் அவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. டிக்கெட்டுகளுக்காக 1924 முதல் நடந்துவரும் பொதுக் குலுக்கலுக்கோ முந்தைய ஆண்டே விண்ணப்பித்திருக்க வேண்டும். அதில் பெயர் வந்தாலும் நாளையும் மைதானத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

உங்களுக்கு ஏற்ற வழி, அன்றன்று வரிசையில் நின்று வாங்குவதுதான். உலகின் பெரிய விளையாட்டுப் போட்டிகளில், முன்பதிவு செய்யாத சாதாரண ரசிகருக்கும் நல்ல இருக்கைகளை இப்படி நாள்தோறும் ஒதுக்கி வைப்பது மிக அரிது என்பதால், இந்த ஏற்பாட்டின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. சென்டர் கோர்ட், முதலாம் எண், இரண்டாம் எண் மைதானங்களுக்குத் தலா சுமார் 500 டிக்கெட்டுகள் வரிசையில் நிற்பவர்களுக்குக் கிடைக்கும் (கடைசி நான்கு நாட்களில் சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் இல்லை). அவற்றைப் பெற விரும்புவோர் முந்தைய நாளே வந்து விம்பிள்டன் பூங்காவில் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். உங்கள் வயதுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

அதே வரிசையில் கிடைக்கும் வளாக அனுமதிச் சீட்டு போதும். 2024இல் தொடக்க நாட்களில் அதன் விலை 30 பவுண்டு. மூன்றாம் எண் முதல் பதினெட்டாம் எண் வரையுள்ள மைதானங்களில், முன்பதிவில்லாத இடங்களில் அமர்ந்து பார்க்கலாம். ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர் என எல்லோரும் களமிறங்கும் முதல் வாரத்தில், முன்னணி வீரர்கள் பலர் இந்தச் சிறு மைதானங்களிலேயே ஆடுவதால், சென்டர் கோர்ட்டின் மேல் வரிசையிலிருந்து காண்பதைவிட மிக அருகில் அவர்களது ஆட்டத்தைக் காண முடியும். ஆகவே முதல் நான்கு நாட்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சவுத்ஃபீல்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, விடியற்காலையிலேயே வரிசையில் சேருங்கள்.

சென்டர் கோர்ட்டுக்கும் அன்றே வாய்ப்பு உண்டு. சீக்கிரம் கிளம்புபவர்கள் ஒப்படைக்கும் டிக்கெட்டுகளை, பிற்பகலில் வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு மிகக் குறைந்த விலையில் (2024இல் 15 பவுண்டு) விற்று, அந்தத் தொகையை அறப்பணிகளுக்குத் தருகிறார்கள். இதற்கு விம்பிள்டன் செயலியில் பதிய வேண்டும் என்பதால், அதை முன்கூட்டியே கைபேசியில் நிறுவிக்கொள்ளுங்கள்.

வரிசையில் ஒருவருக்கு ஒரு டிக்கெட்தான். ஒருவருக்காக இன்னொருவர் இடம்பிடித்து வைக்க அனுமதியில்லை. மகளும் வருவதானால் மூவரும் சேர்ந்தே சென்று நிற்க வேண்டும்.